ஒக்கிதா கணவாய்க்கு எந்த டயர்?

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. காரின் காலைத்தான் பார்ப்பார்கள். "டயர் மாத்தியாச்சா?" என்பதுதான் அந்த மாதத்து நலம் விசாரிப்பு; பனி விழுவதற்குள் எல்லோரும் பனிக்கால டயருக்கு மாறியாக வேண்டும். முதலில் மாற்றியவரைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். கடைசியில் மாற்றியவரை விவரங்கெட்டவர் என்பார்கள். சரியான நாளில் மாற்றினார் என்று பெயர் வாங்கியவர் இதுவரை யாரும் இல்லை. ஜப்பானில், நாகானோ மாநிலத்தின் இந்த வடகோடியில் அப்படி ஒரு நாளே கிடையாது போலிருக்கிறது.

இந்த விசாரிப்புக்குச் சிக்காமல் இருந்த ஒரே ஆள் மூக்குக்கண்ணாடிக் கடை மொமோசே ஷூஜி. வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஆனால் பச்சை நிறத்தில், இரண்டே இருக்கையோடு, கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. இந்த இரண்டு செய்திகளுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்பது முடிதிருத்தும் கடையில் பல வருஷமாக விவாதத்தில் இருக்கிறது. டிசம்பரில் முதல் பனி விழுவதற்குள் அந்தக் காரைக் கழுவி, துடைத்து, வெள்ளி நிற உறையைப் போர்த்தித் தூங்கப் பண்ணிவிடுவார். அது கண் விழிப்பது ஏப்ரலில். அதுவரை அவருக்கு நடை, இல்லாவிட்டால் ரயில்.

அப்பேர்ப்பட்டவர் தன் கடைக்கு விடுமுறையான ஒரு புதன்கிழமை, குராஷினாவின் டயர் கடைக்குள் நுழைந்தார் என்றால் அது செய்தி. எதிர்ப்புறம் முடிதிருத்தும் கடையில் ஒருவரின் பிடரியில் நுரை தடவிக்கொண்டிருந்த சுமியே, தூரிகையோடு ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

"இங்க பாருங்க, மொமோசே டயர் கடைக்குப் போறாரு," என்றார் கணவரிடம்.

"காத்து அடிக்கப் போயிருப்பாரு."

"காரை எடுக்காமலா?"

கணவர் கத்தரியை நிறுத்தினார். நியாயமான கேள்வி.

உள்ளே, குராஷினாவும் அதே தினுசில்தான் ஆரம்பித்தார். மொமோசேயும் அவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

"என்னடா, வழி தவறிட்டியா? இது டயர் கடை."

"தெரியும். சும்மா ஒரு விவரம் கேக்கணும்." மொமோசே சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "என் காருக்கு... பனிக்காலத்துக்கு... எந்த மாதிரி டயர் போடலாம்?"

குராஷினா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாருடா அது?"

"எது யாரு?"

"வருஷா வருஷம் போர்வை போத்தித் தூங்கற காரை எழுப்பறேங்கறே. சும்மா எழுப்புவியா? யாரு?"

"யாரும் இல்லடா. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சோபா நூடுல்ஸ் கடை இருக்கு. நூடுல்ஸ் நல்லா இருக்கும்."

"பனிக்காலத்துல, பின்சக்கரம் மட்டும் இழுக்கற வண்டியில, ஒக்கிதா கணவாயைத் தாண்டிப் போய் நூடுல்ஸ் சாப்பிடப் போறே."

"ஆமா."

"ரொம்ப நல்ல நூடுல்ஸா இருக்கணும்," என்று சொல்லிவிட்டுக் குராஷினா தொழிலுக்கு வந்தார்.

இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். ஒன்று, சுத்தமான பனிக்கால டயர். மெத்தென்ற ரப்பர், மேலெல்லாம் பொடிப்பொடியாகக் கீறல், ஐஸில்கூடப் பிடித்து நிற்கும். ஆனால் அதை டிசம்பரில் மாட்டி ஏப்ரலில் கழற்ற வேண்டும், கழற்றினதை எங்கேயாவது அடுக்கி வைக்க வேண்டும். காய்ந்த ரோட்டில் அதைப் போட்டுக்கொண்டு வளைவில் திரும்பினால் தயிர்சாதத்தின் மேல் நடப்பதுபோல இருக்கும். (அவர் சொன்னது டோஃபு. எனக்கு நம்முடையதுதான் பொருத்தமாகப் பட்டது.) இன்னொன்று ஆல்-சீசன். வருஷம் முழுக்க ஒரே டயர். கழற்ற வேண்டாம், மாட்ட வேண்டாம். லேசான பனிக்குத் தாங்கும்.

"லேசான பனின்னா?"

"கீழ் ஊர்ல விழற பனி."

"கணவாய்ல?"

"கணவாய்ல விழறதுக்குப் பேரு பனி இல்லடா. அது வேற."

மொமோசே இரண்டு விளம்பரத் தாள்களையும் வாங்கி மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்தபோது சுமியே வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பெருக்கின வாசல்.

இனி நூடுல்ஸ் விஷயம்.

அந்த நூடுல்ஸின் பெயர் சத்சுகி. நாற்பத்தொரு வயது. மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறாள். போன ஏப்ரலில், தன் மூக்குக்கண்ணாடியின் மேல் தானே உட்கார்ந்து நொறுக்கிவிட்டு மொமோசேயின் கடைக்கு வந்தாள். கண் பரிசோதனைக்கு இங்கே எழுத்துக்குப் பதிலாக ஒரு பக்கம் உடைந்த வளையங்களைக் காட்டி, உடைசல் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்; அவள் ஒவ்வொன்றுக்கும் பட்டாளத்து ஆள் மாதிரி உரக்கப் பதில் சொன்னாள். "மேல! இடது! கீழ!" பாதி தப்பு.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம்," என்றார் மொமோசே.

"சொன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்ப சொல்ல மாட்டேன். வலது!"

அது இடது. மொமோசேயின் கதை அந்த இடத்தில் முடிந்தது, அல்லது ஆரம்பித்தது. மே மாதத்திலிருந்து புதன்கிழமைதோறும் கூரையைத் திறந்து போட்டுக்கொண்டு பச்சைக் கார் கணவாய் ஏறியது. தெருவில் கேட்டால், சோபா சாப்பிட என்பார். ஒரு மனுஷன் வாரா வாரம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய்ச் சாப்பிடும் சோபா என்ன சோபா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதால் தெரியவில்லை என்று மொமோசே நினைத்துக்கொண்டார். கண்ணாடி விற்கிறவருக்கே இப்படி ஒரு கண்.

அக்டோபரில், அவள் வீட்டு வாசலில், சேர்ந்து வாழலாமா என்று கேட்டேவிட்டார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி நகரத்துலேர்ந்து ஒருத்தர் வந்துட்டிருந்தாரு," என்றாள். "நல்ல மனுஷன்தான். எனக்கு டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் இந்த ஊரை விட்டு நகர முடியாது, எப்ப பனி கொட்டினாலும் வண்டி எடுக்கணும். பஸ்ஸும் நின்னுடும். நான் வரேன்னாரு. வரலை. கேக் அனுப்பினாரு, கூரியர்ல. வாராவாரம் கேக். பனிக்காலம் முடிஞ்சப்ப எனக்கு மிச்சம் கூடிப்போன நாலு கிலோ எடைதான்."

"நான் கேக் அனுப்ப மாட்டேன்."

"இப்ப வெயில் அடிக்குது, மொமோசே சான். கூரையைத் திறந்து வெச்சுட்டுக் கேக்கறீங்க. இதையே ஜனவரில கேளுங்க. போன்ல வேண்டாம். இங்க வந்து கேளுங்க."

அவ்வளவுதான் நிபந்தனை. அதற்குத்தான் இந்த டயர் விசாரணை. வேறு கார் வாங்கிக்கொள்ளலாமே என்றால், கடையோடு சேர்ந்து அவருக்கு இருப்பது ஒரு கார் நிறுத்துகிற இடம், அதில் ஒரு பச்சைக் கார். அதை விற்பதைப் பற்றி அவர் யோசித்தது அரை நிமிஷம் இருக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் மொமோசேக்கு முடி வளர்ந்துவிட்டது. முடிதிருத்தும் கடையில் ஒருமுறை துணியைப் போர்த்திக் கழுத்தில் கட்டிவிட்டால் தப்பி ஓட முடியாது என்பது தெருவுக்கே தெரியும். சுமியே, சின்னப் பையனைக் கூப்பிடுகிற 'குன்' போட்டு, அவசரப்படாமல் ஆரம்பித்தார்.

"ஷூஜி-குன், டயர் பாத்தீங்களாமே."

"சும்மா விசாரிச்சேன்."

"ஆல்-சீசன் போடப் போறீங்களா, பனிக்கால டயரா?"

இதை மொமோசே யாரிடமும் சொல்லவில்லை. குராஷினாவும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் இரண்டு விளம்பரத் தாள்களின் ஓரமும் கோட்டுப் பையில் எட்டிப்பார்த்திருக்கின்றன.

பக்கத்து நாற்காலியில் சவரத்துக்குச் சாய்ந்திருந்த மண்ணெண்ணெய் வியாபாரி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஆல்-சீசன் போதும். ஸ்போர்ட்ஸ் கார்தானே. எங்க போகப் போவுது?"

"போகாத காருக்கு எதுக்குங்க டயர்?" என்றார் சுமியே. "ஆல்-சீசன் போடறது எப்படின்னா, கல்யாணத்துக்கு, மேல கோட்டு, உள்ள நீச்சல் டவுசர் போட்டுட்டுப் போற மாதிரி. விருந்துன்னாலும் சரி, கடல்னாலும் சரி. ரெண்டுலயும் ஒழுங்கா இருக்க முடியாது."

"கல்யாணம் பத்தி இப்ப யாரு பேசினா?" என்றார் மொமோசே துணிக்குள்ளிருந்து.

மண்ணெண்ணெய் வியாபாரி ஒரு கண்ணைத் திறந்தார்.

"யாரும் பேசலையே," என்றார் சுமியே இனிமையாக. "தலையைக் குனிங்க."

மண்ணெண்ணெய் வியாபாரி நல்லெண்ணத்தோடு மேலும் சொன்னார்: "மேல நிறுத்தறப்ப கைப் பிரேக் போட்டுடாதீங்க. உறைஞ்சு பிடிச்சுக்கும். உங்களுக்குத் தெரியாததா!"

"தெரியாதா பின்னே," என்றார் மொமோசே. தெரியாது.

இதுதான் அவருடைய பெரிய சிக்கல். பனிக்குள் பிறந்து பனிக்குள் வளர்ந்தவர், ஆனால் பனியில் கார் ஓட்டினதே இல்லை. அதை யாரிடமும் கேட்க முடியாது. இந்த ஊரில் பிறந்த ஒருவர், நாற்பத்தாறு வயதில், பனிக்கால டயர் மாட்டுவது எப்படி என்று கேட்டால், அடுத்த நாள் பள்ளிப் பிள்ளைகள்கூடக் கண்ணாடிக் கடையை எட்டிப்பார்த்துவிட்டுப் போவார்கள். எனவே தெரிந்த மாதிரி தலையாட்டி, அடுத்தவர் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கிக்கொள்வது என்று வைத்துக்கொண்டார். கைப் பிரேக் அப்படிக் கிடைத்ததுதான்.

நவம்பர் கடைசியில் தொலைக்காட்சியில் வானிலைக்காரப் பெண், குளிர் வருகிறது என்று நீல நிறப் படத்தைக் காட்டினாள். மறுநாள் காலை குராஷினா கடை முன்னால் பதினைந்து கார் வரிசை. வருஷா வருஷம் இதேதான். இரண்டு மாதம் சும்மா இருப்பார்கள், ஒரே நாளில் எல்லோரும் வருவார்கள். மொமோசே பின்கதவு வழியாக உள்ளே போனார்.

"முடிவு பண்ணிட்டேன். ஆல்-சீசன்."

"ஏன்?" என்றார் குராஷினா, ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்பானர்.

"கழட்டி மாட்டற வேலை இல்ல. அடுக்கி வைக்க இடம் வேண்டாம். கோடையிலயும் வண்டி வண்டி மாதிரி ஓடும். பனி ரொம்ப இருந்தா அன்னைக்குப் போகாம இருந்துடலாம். பாதி வழியில கொட்ட ஆரம்பிச்சாலும் திரும்பி..."

மொமோசே நிறுத்திக்கொண்டார். தான் சொன்னது தனக்கே கேட்டிருக்க வேண்டும்.

குராஷினா போனைக் கீழே வைத்தார். கிண்டல் இல்லாமல் அவர் பேசுவது அபூர்வம்.

"டேய், நான் ரெண்டையும் விக்கறேன். எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதான். ஆனா ஆல்-சீசன் போட்டவன் வானத்தைப் பாத்துட்டுக் கிளம்புவான். பனிக்கால டயர் போட்டவன் கடிகாரத்தைப் பாத்துட்டுக் கிளம்புவான். அங்க உன்னை யாராவது எதிர்பாத்துட்டு இருந்தா, அவங்க எதைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்கன்னு யோசிச்சுக்கோ. நூடுல்ஸைத்தான் சொல்றேன்."

வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"பனிக்கால டயரே குடு," என்றார் மொமோசே.

"வரிசையில வண்டியைக் கொண்டு வா. மாட்டித் தரேன்."

"வேண்டாம். சக்கரத்தோட சேத்துக் குடு. நானே மாட்டிக்கறேன்."

"ஏன்? இலவசம்டா."

ஏன் என்றால் வரிசையில் ஐந்தாவது வண்டி சுமியேயுடையது. இங்கே மாட்டினால் கணவாய் தெரிந்துவிடும். கணவாய் தெரிந்தால் சத்சுகி தெரிந்துவிடும். ஜனவரியில் அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், தெரு முழுக்கக் கண்ணைக் காட்டுகிற சாக்கில் கடைக்கு வந்து உட்கார்ந்து, "வலது, இடது, மேல," என்று வளையம் பார்த்துக்கொண்டே அனுதாபப்படும். மார்ச் வரைக்கும். அதை அவரால் தாங்க முடியாது.

"உனக்கு மாட்டத் தெரியும்ல?"

"இந்த ஊர்ல பொறந்தவன்கிட்டக் கேக்கற கேள்வியா இது?"

"சரி சரி. பக்கம் பாத்து மாட்டு."

"பாக்காம பின்னே," என்றார் மொமோசே. வெளிப்பக்கம் எது, உள்பக்கம் எது என்று பார்க்கச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார். அதைக் குருடன்கூடச் சொல்லிவிடுவான்.

சிக்கல் அடுத்து வந்தது. இரண்டு இருக்கைக் காரில் நாலு டயரை ஏற்ற முடியாது. ஒன்று ஏறினால் அதிகம். ஆக, குராஷினாவின் சின்ன லாரி தெரு நடுவில் வந்து நின்று, நாலு டயரையும் கண்ணாடிக் கடை வாசலில் உருட்டி இறக்கியது. மொமோசே அவற்றின் மேல் ஒரு மேஜை விரிப்பைப் போட்டு மூடினார். மேஜை விரிப்பு போட்ட நாலு டயர், நாலு டயர் மாதிரியேதான் இருந்தது. அதிலும் அழகுக்கு ஒன்றும் இல்லாத சாம்பல் நிறச் சக்கரங்கள். பச்சைக் காருக்கு அது பட்டுக் கிமோனோவுக்குக் கீழே ரப்பர் பூட்ஸ்.

ஞாயிறு காலை தெரு ஒரு காட்சியைக் கண்டது.

மொமோசே காரைத் தூங்கப் பண்ணுகிற மாதிரி, வழக்கம்போல வெள்ளி உறையைப் போர்த்தினார். அதுவரை சரி. பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு ஜாக்கியோடு அவரும் உறைக்குள் நுழைந்தார். பிறகு டயர்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. உறையின் ஒரு மூலை மெதுவாக உயர்ந்தது. பக்கவாட்டில் ஒரு பிருஷ்டம் புடைத்தது, நகர்ந்தது, அடுத்த மூலையில் புடைத்தது. நடுநடுவே "ஆ!" என்று ஒரு சத்தம்.

முடிதிருத்தும் கடையில் இரண்டு நாற்காலியையும் கண்ணாடியில் தெரு தெரிகிற கோணத்துக்குத் திருப்பிவிட்டார்கள். சவரம் முடிந்த ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

"உள்ள இருட்டா இருக்காது?" என்றார் மண்ணெண்ணெய் வியாபாரி.

"தலையில விளக்கு கட்டியிருக்காரு. துணி வழியா தெரியுது பாருங்க," என்றார் சுமியே. "பாவம். போய் ஒரு கை குடுக்கலாமா?"

"குடுத்தா நமக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சுடும்," என்றார் கணவர். அவர் அதிகம் பேசமாட்டார்.

உள்ளே மொமோசேக்கு இருட்டு ஒரு பிரச்சினையாக இல்லை. மூச்சுக்காற்றுதான் பிரச்சினை. உறைக்குள் அவர் விட்ட மூச்செல்லாம் அவர் கண்ணாடியிலேயே வந்து படிந்தது. துடைத்தார், படிந்தது. துடைத்தார், படிந்தது. ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவர், கடைசியில் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, விரலால் தடவித் தடவி நட்டுகளை முடுக்கினார். வெளிப்பக்கம் வெளியே இருந்தது. அவருக்குத் திருப்தி.

முக்கால்வாசி முடிந்திருக்கும், உறைக்கு வெளியே தரையில் ஏதோ டக்கென்று வைக்கிற சத்தம்.

"ஷூஜி-குன், சூடா டப்பா காபி வெச்சிருக்கேன்," என்றது சுமியேயின் குரல். "நாங்க யாரும் பாக்கலை."

பிறகு அடியிலிருந்து ஒரு கை வந்து காபியை எடுத்துக்கொண்டு போனது.

டிசம்பர் முழுக்க மொமோசே பொருட்காட்சி பார்க்கப் போகிறேன், அத்தையைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக் கீழ் ரோடுகளில் ஓட்டிப் பழகினார். கார் பின்பக்கம் வாலாட்டியது. திருப்பத்தில் வாலைப் பிடித்து நிறுத்தக் கற்றுக்கொண்டார். சேறும் பனியும் கலந்து நிற்கிற இடத்தில் மட்டும் என்னவோ மிதக்கிற மாதிரி இருந்தது. பனிக்கால டயர் என்றால் அப்படித்தான் போல என்று எடுத்துக்கொண்டார். யாரைக் கேட்பது?

ஜனவரியில் ஒரு புதன்கிழமை. முந்தின நாளெல்லாம் கொட்டித் தீர்த்து, விடிந்தபோது வானம் பளிச்சென்று இருந்தது. மொமோசே கதவைத் திறந்தார். காரின் மேல் விழுந்திருந்த பனியை யாரோ தள்ளியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு மடக்கு மண்வெட்டி. சக்கரம் சுழன்றால் போடுவதற்கு ஒரு பை மணல். ஒரு கம்பளி. துணியில் சுற்றிய ஒரு பாத்திரம். திறந்தால் நொசாவானாக் கீரை ஊறுகாய், சுமியே போடுவது, தெருவில் யாருக்கும் லேசில் கிடைக்காதது.

எதிரே சுமியே ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சுமியே சான், இது..."

"நூடுல்ஸுக்குத் தொட்டுக்க," என்றார் சுமியே. திரும்பிப் பார்க்கவில்லை. "அந்தப் பொண்ணுக்கு உப்பு கம்மியா இருக்கணுமா, தூக்கலா இருக்கணுமான்னு கேட்டுட்டு வாங்க. அடுத்த தடவை பாத்துப் போடறேன்."

மொமோசேயின் காது சிவந்தது. ஆனால் மண்வெட்டியையும் மணலையும் ஏற்றிக்கொண்டார். பின்னால் இடம் இல்லாததால் அவை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தன, பெல்ட் போட்டுக்கொண்டு. தெரு முனை திரும்புகிறபோது காரின் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். மண்ணெண்ணெய் லாரி, டயர் கடை வாசல், முடிதிருத்தும் கடை ஜன்னல், எல்லாவற்றிலும் ஆட்கள். எல்லோரும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கணவாய் கணவாயாகவே இருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் காரைவிட உயரமாக வெள்ளைச் சுவர். மேல் வளைவுகளில் இரண்டு முறை வால் சுவரைத் தொட்டது. ஒரு ஏற்றத்தில் சக்கரம் வெறுமனே சுழன்றது. மொமோசே இறங்கினார், மணலைப் போட்டார், ஏறினார். வானத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சத்சுகி காலை வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் அவருக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு அவள் வாசலில், காரைக் கியரில் போட்டு, கைப் பிரேக் போடாமல், உறைந்து ஒட்டாதபடி வைப்பரைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஊறுகாய்ப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பனி அள்ளும் மஞ்சள் வண்டி உறுமிக்கொண்டு வந்து நின்றது. சத்சுகி மேலிருந்து குதித்தாள். அவரைப் பார்த்தாள். சிரிக்கப் போனவள், பழக்கதோஷம், காரின் காலைப் பார்த்தாள். குனிந்தாள். சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் அங்கேயும் குனிந்தாள். திரும்பி வந்தாள்.

"மொமோசே சான், இடது கண்ணை மூடுங்க."

"என்னது?"

"மூடுங்கன்னா."

ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். சத்சுகி கையுறையால் முன்டயரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பனியைத் துடைத்தாள். ரப்பரில் புடைப்பாக ஒரு அம்புக்குறி. டயர் எந்தத் திசையில் உருள வேண்டும் என்று காட்டுகிற குறி.

"இந்த அம்பு மேல்பக்கம் எந்தப் பக்கம் போகுது?"

மொமோசே குனிந்து பார்த்தார். "...பின்னாடி."

"இது?"

"பின்னாடி."

அடுத்த பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "இது?"

"தெரியலை," என்றார் மொமோசே, தெரிந்துகொண்டே.

"தெரியலைன்னு சொல்லலாம். ஒண்ணும் ஆகாது," என்றாள் சத்சுகி. "ஆனா இதுவும் பின்னாடிதான். நாலும். தப்பித் தவறிக்கூட ஒண்ணு சரியா இல்லை. இடதை வலதுல மாட்டி, வலதை இடதுல மாட்டியிருக்கீங்க."

பிறகுதான் சிரித்தாள். நின்றபடி ஆரம்பித்து, காரைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கணவாய் முழுக்க நாலு டயரும் வீட்டுக்குப் போ, வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டே வந்திருக்கு. நீங்க காதுலயே போட்டுக்கலை."

"எனக்கு மாட்டத் தெரியாது," என்றார் மொமோசே. வாழ்க்கையிலேயே முதல்முறையாக, ஒரு ஆளிடம். "பனியில ஓட்டவும் தெரியாது. கைப் பிரேக் விஷயம்கூட நவம்பர்லதான் தெரியும். ஆனா ஜனவரில வந்து கேக்கச் சொன்னீங்க."

"சொன்னேன்."

"கேக்கறேன்."

சத்சுகி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த துணி மூட்டையைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் மாறியது.

"அது என்ன? கேக்கா?"

"இல்ல. ஊறுகாய். எதிர்க்கடை அம்மா போட்டது. உப்பு தூக்கலா வேணுமா, கம்மியாவான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. அடுத்த தடவைக்கு."

"தூக்கலா," என்றாள் சத்சுகி. கையை நீட்டினாள், தூக்கிவிடச் சொல்லி. "அப்ப சரி."

மொமோசேக்கு ஒரு நொடி புரியவில்லை. "எது சரி? ஊறுகாயா?"

"எல்லாமும். ஜாக்கி இருக்கா? எடுங்க, மாத்திடலாம். எப்படின்னு பாத்துக்கோங்க, ஏப்ரல்ல நீங்கதான் கழட்டணும்."

இந்தத் தடவை உறை கிடையாது. பட்டப்பகலில், வாசலில், அவளிடம் இருந்த இன்னொரு ஜாக்கியையும் வைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே கழற்றினார்கள். மூன்றாவது சக்கரத்தின்போது மொமோசே நிமிர்ந்தார். எதிர்வீட்டு ஜன்னலில் திரை லேசாக விலகியிருந்தது.

"அது யாரு?" என்றார்.

"அவங்களா?" சத்சுகி நட்டை முடுக்கிக்கொண்டே சொன்னாள். "கண்டுக்காதீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல காபி கொண்டு வருவாங்க."